ஊருணிக்கு ஒரு கணக்கு: செட்டிநாட்டு நிலத்தை எண்களாக மாற்றும் முழு வழிகாட்டி

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு பைக்கில் போகிறவருக்கு மேடு பள்ளம் எதுவும் கண்ணில் படாது. ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்யட்டும், எந்தத் தெரு மேடு, யார் வீட்டு வாசல் பள்ளம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். இங்கிருந்து தென்கிழக்கே கடலைப் பார்த்து நிலம் இறங்குவது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர்தான். அந்த இரண்டு மீட்டரை நம்பித்தான் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், கண்மாய், நிரம்பினால் வழியும் கலுங்கு, அந்த வழிநீர் ஓடும் மறுகாலில் அடுத்த கண்மாய் என்று இந்தச் சீமை முழுக்கச் சங்கிலி கோத்து வைத்திருக்கிறார்கள். பழைய நகரத்தார் ஊர்களில் தெருவில் விழும் மழைகூட ஊர்க் குடிநீர்க் குளமான ஊருணிக்குப் போய்ச் சேரும்படி சரிவு பார்த்திருப்பார்கள்.

அந்தச் சரிவை எப்படி எண்களாக மாற்றுவது, மாற்றியபின் அதிலிருந்து என்னென்ன கேட்கலாம் என்பதுதான் இங்கே விஷயம். எடுத்துக்காட்டுக்கு ஓர் ஊருணியை வைத்துக்கொள்வோம். ஒரு மடிக்கணினி, இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் (QGIS), முடிந்தால் இரண்டு நாள் வாடகைக்கு ஓர் ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் பார்க்கும் கருவி), இவ்வளவு போதும்.

முதலில் கேள்வியைத் தீர்மானியுங்கள்

தரவைத் தேடி ஓடும் முன் என்ன தெரிய வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். "இந்தக் கண்மாய்க்கு எந்தெந்த ஊர் மழை வருகிறது?" என்பதற்கு உயரத்தில் ஒன்றிரண்டு மீட்டர் பிசகு இருந்தாலும் ஓரளவு சமாளிக்கலாம். "தூர்வாரினால் ஊருணியில் எவ்வளவு கூடுதலாக நிற்கும்?" என்றால் ஐந்து சென்டிமீட்டர் துல்லியமாவது வேண்டும். "நடுத்தெருத் தண்ணீர் ஏன் ஊருணிக்குப் போகாமல் திரும்புகிறது?" என்றால் இரண்டு சென்டிமீட்டரே கதையை மாற்றிவிடும். மூன்று கேள்விக்கும் ஒரே ஒரு நில மாதிரியை (மாடலை)ச் செய்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மூன்றுக்குமே அது உதவாது.

கணக்கில் நிலப்பரப்பு என்றால் என்ன

கிழக்கே இத்தனை மீட்டர், வடக்கே இத்தனை மீட்டர் என்று ஓர் இடத்தைச் சொன்னால், அங்கே உயரம் எவ்வளவு என்று பதில் சொல்லும் ஒரு சார்பு. அவ்வளவுதான். 1958-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் மில்லர், லாஃப்ளாம் என்ற இருவர் சாலை வடிவமைப்புக்காக இதற்கு டிஜிட்டல் டெரெய்ன் மாடல் என்று பெயர் வைத்தார்கள். துறையில் சுருக்கமாக டிடிஎம். எங்கே எவ்வளவு மண் வெட்ட வேண்டும், எங்கே கொட்ட வேண்டும் என்பதைக் கணினியே சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

இந்த வரையறையிலேயே ஒரு கட்டுப்பாடு ஒளிந்திருக்கிறது. ஓர் இடத்துக்கு ஓர் உயரம்தான். கரைக்கு அடியில் போகும் மடையை இது காட்டாது. மேலே கரை, கீழே துவாரம் என்று இரண்டு உயரம் ஒரே இடத்தில் இருப்பதை ஒரு சார்பு தாங்காது. படித்துறையின் செங்குத்தான கல்முகமும் அப்படித்தான், சற்றுச் சாய்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

இன்னொரு குழப்பம் டிஎஸ்எம், டிடிஎம் இரண்டையும் ஒன்றாக நினைப்பது. மேலிருந்து பார்க்கும் கருவிக்கு முதலில் கண்ணில் படுவதன் உயரம் டிஎஸ்எம் (டிஜிட்டல் சர்ஃபேஸ் மாடல்): மரத்தின் தலை, ஓட்டுக் கூரை, பனையின் உச்சி எல்லாம் சேர்த்தி. மரம், கட்டடம் எல்லாவற்றையும் உரித்தபின் மிஞ்சும் வெறும் மண் டிடிஎம். செட்டிநாட்டில் இந்த வித்தியாசம் பெரிது. தைலமரத் தோப்பும் முந்திரிக் காடும் சீமைக்கருவேலமும் உள்ள ஊரில் டிஎஸ்எம்மை மண் என்று நம்பினால், தோப்பெல்லாம் குன்றாகிவிடும். தண்ணீர் அந்தக் "குன்றை"ச் சுற்றிக்கொண்டு போகும்.

எந்த மட்டத்திலிருந்து அளக்கிறோம்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள், பாதிப் பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன.

கிழக்கு, வடக்கு இடத்தைக் குறிக்க யுடிஎம் முறையைப் பயன்படுத்துங்கள், பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை அது. காரைக்குடி 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பதால் 44-ஆம் மண்டலம், வடக்கு. க்யூஜிஐஎஸ்ஸில் இதன் எண் 32644. இறக்கிய தரவு பாகைகளில் இருந்தால் மறக்காமல் இதற்கு மாற்றிவிடுங்கள். இடம் பாகையில், உயரம் மீட்டரில் என்று விட்டுவிட்டுச் சரிவு கணக்கிட்டால், கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் 90 பாகை என்று வரும். ஊரே சுவராக நிற்கும்.

உயரத்தில் இன்னொரு வேடிக்கை. ஜிபிஎஸ் கருவி உயரத்தை அளப்பது பூமிக்கு வரைந்த வழுவழுப்பான ஒரு கணித முட்டையின் மேலிருந்து. நாம் பேசும் கடல்மட்டம் ஈர்ப்பு விசையால் அமைந்த வேறொரு பரப்பு. உலகத்திலேயே இந்த இரண்டுக்கும் பெரிய பள்ளமான வித்தியாசம் இருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான், சுமார் 106 மீட்டர். அதன் விளிம்பில் இருக்கும் நம் பக்கத்திலும் ஏறக்குறைய 90 மீட்டர் தாழ்வு உண்டு. காரைக்குடியோ கடல்மட்டத்துக்கு மேல் எண்பது மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் சில கைபேசிச் செயலிகளில் திருத்தாத உயரத்தைப் பார்த்தால் பூஜ்யத்தை ஒட்டியோ மைனசிலோ காட்டும். கருவி கெட்டுவிடவில்லை, வேறு மட்டத்திலிருந்து பேசுகிறது. ஒரு தரவை ஒரு மட்டத்திலும் இன்னொன்றை வேறு மட்டத்திலும் வைத்துக்கொண்டு இணைத்தால் ஊருணி ஆகாயத்தில் தொங்கும்.

ஊருணி அளவிலான வேலைக்குக் கடல்மட்டமே தேவையில்லை. கோயில் வாசற்படி போல அசையாத ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து அதன் உயரம் 100.00 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அதிலிருந்து ஏற்ற இறக்கம்தான்.

இலவசத் தரவு எதுவரை உதவும்

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ராடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் எல்லோருக்கும் தெரிந்தது. 30 மீட்டர் கட்டம், அதாவது 30 மீட்டர் சதுரத்துக்கு ஓர் உயரம். நம் நிலத்தில் இதைத் திறந்து பார்த்தால் ஒன்றைக் கவனிப்பீர்கள்: பரவலாகக் கிடைக்கும் வடிவத்தில் உயரங்கள் முழு மீட்டரில்தான் பதிவாகியிருக்கும். கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் சரிவு என்றால் ஒரு கட்டத்துக்கு ஆறு சென்டிமீட்டர். ஆக, பதினாறு பதினேழு கட்டம் ஒரே எண்ணாக ஓடி, திடீரென ஒரு மீட்டர் இறங்கும். சாய்ந்த நிலத்தைப் படிக்கட்டாகச் செய்து வைத்தது போல. இதன் மேல் ராடாரின் சொந்தப் பிழை வேறு சில மீட்டர்.

டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள்களிலிருந்து உருவான கோப்பர்நிகஸ் ஜிஎல்ஓ-30 இதைவிட நல்லது. உயரம் தசமத்தில் இருக்கும். இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து செய்த கார்ட்டோடெம் புவன் தளத்தில் கிடைக்கிறது. மூன்றுமே அடிப்படையில் டிஎஸ்எம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒரு கண்மாய்க் கரை இரண்டு மீட்டர் உயரம், உச்சியில் 2 மீட்டர் அகலம், அடியில் 10 மீட்டர் அகலம். குறுக்குவெட்டுப் பரப்பு 12 சதுர மீட்டர். 30 மீட்டர் கட்டத்தில் இது சராசரியாகக் கரைந்தால் 12-ஐ 30-ஆல் வகுக்க, 0.4 மீட்டர். இரண்டு மீட்டர் கரை நாற்பது சென்டிமீட்டர் தடிப்பாகிவிட்டது. தரவின் பிழையோ அதைவிடப் பல மடங்கு. கண்மாயே இல்லாத செட்டிநாடு! எத்தனை ஊர் மழை வருகிறது என்று பொதுவாகப் பார்க்க இவை சரி. ஊருணிக்குள் இறங்க வேண்டுமானால் நாமே அளக்க வேண்டும்.

நாமே அளப்பது

பங்குனி, சித்திரையில் செய்யுங்கள். தண்ணீர் நிற்கும்போது மேலிருந்து எடுத்த எந்தத் தரவிலும் ஊருணியின் தரை கிடைக்காது, தண்ணீரின் மேல்மட்டம்தான் கிடைக்கும். கோடையிலும் நடுவில் கொஞ்சம் நின்றால், இறங்கி ஸ்டாஃப் (எண் குறித்த நீள அளவுகோல்) பிடித்தே ஆக வேண்டும்.

ஆட்டோ லெவல் முறை எளிது. 100.00 என்று வைத்த கல்லின் மேல் ஸ்டாஃபை நிறுத்திப் படித்தால் 1.250 என்று வருகிறது. கருவிக்கண்ணின் உயரம் 101.250. அப்புறம் ஊருணித் தரையில் ஓரிடத்தில் படித்தால் 3.870. அந்த இடத்தின் உயரம் 97.380. இப்படியே ஒவ்வொரு புள்ளியாக. கருவியை நகர்த்தி நகர்த்திச் சுற்றிவந்து கடைசியில் அதே கல்லில் முடியுங்கள். மறுபடி 100.00 வர வேண்டும். சின்னச் சுற்றில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விலகினால், எங்கோ எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாளை மறந்துவிட்டு மறுபடி அளப்பது நல்லது. வாடகைக்குக் காசில்லை என்றால், கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயும் ஓர் அளவுகோலும் சின்ன இடத்துக்குப் போதும். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் பொய் சொல்லாது.

எங்கே புள்ளி எடுப்பது என்பதில்தான் திறமை. பத்து மீட்டருக்கு ஒன்று என்று சதுரமாக நடக்காதீர்கள். சரிவு மாறும் இடங்களில் எடுங்கள்: கரையின் உச்சி வரிசை, உள்ளடி, வெளியடி, படித்துறையின் முதல் படியும் கடைசிப் படியும், வரத்துக்கால் வாய், கலுங்கின் மேல்விளிம்பு. சமமான தரையில் நாலு புள்ளி போதும். கலுங்கின் உயரத்தை மட்டும் மூன்று தடவை படியுங்கள், ஊருணி எவ்வளவு கொள்ளும் என்பது முழுக்க அதைச் சார்ந்தது.

ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு: 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கத் தனி அனுமதி வேண்டாம், ஆனால் வரைபடத்தில் உங்கள் ஊர் என்ன நிறம் என்று முதலில் பாருங்கள். ட்ரோன் படங்களிலிருந்து மென்பொருள் உருவாக்கும் உயரப் புள்ளிக் குவியலிலிருந்து மரங்களை நீக்க 'துணி வடிகட்டி' என்றொரு முறை உண்டு. குவியலைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் மேல் ஒரு துணியை விரிப்பது போல் கணக்கிட்டு, துணி படிகிற இடத்தை மண் என்று எடுத்துக்கொள்ளும். அடர்ந்த கருவேலத்தில் மட்டும் கேமராவுக்கு மண்ணே தெரியாது. தெரியாததை எந்த வடிகட்டியாலும் கொடுக்க முடியாது.

புள்ளிகளைப் பரப்பாக்குவது

இருநூறு புள்ளி இருக்கிறது. நடுவில் உள்ள இடங்களுக்கு உயரம்? இரண்டு வழி.

முதல் வழி முக்கோண வலை, டின் என்பார்கள். புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து ஒவ்வொன்றையும் ஒரு சமதளமாக எடுத்துக்கொள்வது. எந்த மூன்றை இணைப்பது என்பதற்கு 1934-ல் டெலோனே கொடுத்த விதி: முக்கோணத்தின் மூன்று முனை வழியாக வரைந்த வட்டத்துக்குள் வேறு புள்ளி இருக்கக் கூடாது. ஒல்லியான ஊசி முக்கோணங்கள் முடிந்தவரை வராமல் இது பார்த்துக்கொள்ளும்.

கையால் ஒன்று போட்டுப் பார்ப்போம். முதல் முனையை மூலையாக வைத்துக்கொள்ளுங்கள், உயரம் 84.20. அதிலிருந்து கிழக்கே 40 மீட்டரில் 83.40. வடக்கே 30 மீட்டரில் 84.80. கிழக்கே போனால் 40 மீட்டருக்கு 0.80 இறக்கம், மீட்டருக்கு 0.02. வடக்கே 30 மீட்டருக்கு 0.60 ஏற்றம், அதுவும் மீட்டருக்கு 0.02. ஆக

உயரம் = 84.20 − 0.02 × கிழக்கு + 0.02 × வடக்கு

கிழக்கே 10, வடக்கே 12 உள்ள இடத்தில் 84.20 − 0.20 + 0.24 = 84.24. சரிவு: இரண்டு 0.02-களையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.028, அதாவது நூற்றுக்கு 2.8. தண்ணீர் இறங்கும் திசை கிழக்கும் தெற்கும் சம அளவில், தென்கிழக்கு. டிடிஎம்மில் நடக்கும் கணக்கில் பெரும்பகுதி இந்தப் பள்ளிக்கூடக் கணக்குத்தான், லட்சம் தடவை.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. டெலோனேக்குக் கரை என்றால் என்னவென்று தெரியாது. கரையின் உள்ளடிப் புள்ளியையும் வெளியடிப் புள்ளியையும் நேராக இணைத்துக் கரைக்குள்ளே குகை தோண்டிவிடும். நான் முதன்முதலில் எங்கள் ஊருணிக்குச் செய்த மாதிரியில் இது நடந்தது. கிழக்குக் கரை பல் விழுந்த வாய் போல ஆறு இடத்தில் உடைந்திருந்தது. படத்தைப் பார்த்த எங்கள் ஊர்ப் பெரியவர், "என்ன தம்பி, நம்ம கரை எப்ப உடஞ்சுச்சு?" என்றார். தீர்வு முறிகோடு. கரை உச்சி வரிசைப் புள்ளிகளை ஒரு கோடாக வரைந்து, எந்த முக்கோணமும் இதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிடுவது. க்யூஜிஐஎஸ்ஸின் டின் கருவியில் கோட்டு அடுக்கைச் சேர்த்து அதன் வகையை பிரேக் லைன் என்று தேர்ந்தெடுங்கள். கோட்டின் ஒவ்வொரு முனையிலும் உயரம் இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி கட்டம். ஒரு மீட்டருக்கு ஒரு சதுரம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து உயரம் ஊகிப்பது. எளியது தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் எடை. 10 மீட்டரில் 83.0, 20 மீட்டரில் 84.0 என்று இரண்டு புள்ளி இருந்தால் எடை நாலுக்கு ஒன்று, பதில் 83.2. இதன் குறை, கொடுத்த புள்ளிகளின் உச்ச உயரத்தைவிட மேலேயோ அடிமட்டத்தைவிடக் கீழேயோ போகவே தெரியாது. புள்ளியைச் சுற்றி அம்மைத் தழும்பு போல வட்டம் வட்டமாகவும் வரும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிஜ் தொடங்கி, பிரான்சின் மாத்ரோன் கணிதமாக்கிய கிரிகிங் இன்னும் நுணுக்கமானது. தூரம் கூடக் கூட உயரங்கள் எப்படி விலகுகின்றன என்பதைத் தரவிலிருந்தே கற்றுக்கொண்டு எடை போடும், பிழையின் மதிப்பீட்டையும் தரும். ஆனால் கரை போன்ற திடீர் மாற்றம் உள்ள இடத்தில் அதன் அடிப்படை ஊகமே ஆட்டம் காணும்.

என் கட்சி: மனிதன் வெட்டிய நிலத்துக்கு முறிகோட்டோடு முக்கோண வலை, அதிலிருந்து ஒரு மீட்டர் கட்டம்.

சரிபார்ப்பு

அளந்த புள்ளிகளில் பத்தில் ஒன்றை எடுத்து ஒளித்து வையுங்கள். மாதிரியைச் செய்து முடித்ததும் அந்த இடங்களில் மாதிரி என்ன சொல்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் சென்டிமீட்டரில் +4, −6, +3, −2, +5 என்று வந்தால், வர்க்கங்களின் கூட்டல் 90, சராசரி 18, வர்க்கமூலம் 4.2. நல்ல மாதிரி. எல்லாமே +4, +5 என்று ஒரே பக்கம் சாய்ந்தால்தான் கவலை, அது மட்டப் பிழை. 3,000 சதுர மீட்டர் ஊருணியில் பத்து சென்டிமீட்டர் ஒரே பக்கம் சாய்ந்தால் 300 கன மீட்டர், மூன்று லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 25 நடை.

சமஉயரக் கோடு வரைவதானால் பிழையைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாத இடைவெளி வையுங்கள். 4.2 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி தாராளம். ஐந்து சென்டிமீட்டரில் நெருக்கமாகப் போட்டால் படம் அழகாக இருக்கும், பாதிக் கோடுகள் கற்பனையாக இருக்கும்.

மாதிரிக்குள் மழை பெய்விப்பது

தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு 1984-ல் வந்த டி8 முறை இன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியுள்ள எட்டில் செங்குத்தான இறக்கம் எதுவோ அதற்குத் தண்ணீரைக் கொடுத்துவிடும். மூலைக் கட்டம் தூரம் அதிகம் என்பதால் இறக்கத்தை 1.414-ஆல் வகுப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலிருந்து எத்தனை கட்டத் தண்ணீர் வந்து சேர்கிறது என்று எண்ணினால் வரத்துக்கால்கள் தாமாகத் தோன்றும்.

எல்லாப் பாடநூலும் இதற்கு முன்னால் ஒரு படி சொல்லும்: பள்ளங்களை நிரப்பு. மாதிரியில் தவறுதலாக வந்த குழிகளில் தண்ணீர் மாட்டிக்கொண்டு ஓடை அறுந்துவிடும் என்பதால். மலைநாட்டில் இது நியாயம். செட்டிநாட்டில் கண்ணை மூடிக்கொண்டு இதை அழுத்தினால், ஊரின் ஊருணி, கண்மாய், குட்டை அத்தனையும் ஒரே நொடியில் தூர்ந்துபோகும். இங்கே பள்ளம்தானே பொருள்!

அதே கருவியைத் திருப்பிப் பிடிக்கலாம். நிரப்பிய மாதிரியிலிருந்து நிரப்பாத மாதிரியைக் கழியுங்கள். வருவது ஒவ்வொரு கட்டத்திலும் வழியும் மட்டம் வரை நிற்கக்கூடிய தண்ணீரின் ஆழம். எங்கெங்கே பள்ளம், எது எவ்வளவு ஆழம் எல்லாம் ஒரே படத்தில். ஆழம் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளவற்றைத் தரவின் பிசிறு என்று நிரப்பிவிட்டு, மீதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். க்யூஜிஐஎஸ்ஸில் சேர்த்துக்கொள்ளக்கூடிய சாகா தொகுப்பில் வாங்–லியூ என்ற பள்ளம் நிரப்பும் கருவி இருக்கிறது. ஓட்டத்துக்கு கிராஸ் தொகுப்பின் வாட்டர்ஷெட் கருவியைப் பயன்படுத்தினால் நிரப்பாமலே வேலை நடக்கும்.

இன்னொன்று, தார்ச்சாலை. மாதிரியில் சாலை ஒரு அணை, அடியில் போகும் பாலக்குழாய் அதற்குத் தெரியாது. நடந்து போய் ஒவ்வொரு பாலத்தையும் பார்த்து, இரு வாயின் உயரத்தையும் அளந்து, அந்த இடத்தில் சாலையைக் கணக்கில் வெட்டிவிடுங்கள். குழாய் குப்பையால் அடைத்திருந்தால் வெட்ட வேண்டாம். அப்போது மாதிரி சொல்வதுதான் உண்மை.

கொள்ளளவு

ஊருணியின் எல்லையை ஒட்டி மாதிரியை வெட்டி எடுங்கள். கலுங்கு மட்டத்திலிருந்து ஒவ்வொரு கட்டத்தின் தரை உயரத்தையும் கழித்து, கட்டத்தின் பரப்பால் பெருக்கி, நேர்மறையானவற்றை மட்டும் கூட்டினால் கன அளவு. க்யூஜிஐஎஸ்ஸில் ராஸ்டர் சர்ஃபேஸ் வால்யூம் என்ற கருவி இதையே செய்யும். அடிப்படை மட்டமாகக் கலுங்கின் உயரத்தைக் கொடுத்து, அதற்குக் கீழே உள்ளதை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். விடை மைனஸ் குறியோடு வந்தால் பயப்பட வேண்டாம், குறியை விட்டுவிட்டு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே எண்ணோடு நிறுத்தாமல், தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை மட்டத்தை ஏற்றி ஏற்றிக் கணக்கிட்டு ஓர் அட்டவணை போடுங்கள். அடியில் சொற்பமும் மேலே போகப் போக நிறையவும் கூடும், அதனால் "பாதி உயரம், பாதித் தண்ணீர்" என்ற மனக்கணக்கு ஊருணியில் எப்போதும் தப்பு. பிறகு ஆட்டோ லெவலைத் திருப்பிக் கொடுக்கும் முன், அதே மட்டங்களைப் படித்துறைக் கல்லில் பெயின்ட் கோடாக இட்டு, பக்கத்தில் லட்சம் லிட்டரில் எண்ணை எழுதிவிடுங்கள். ஐப்பசியில் தண்ணீர் ஏறும்போது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குடம் எடுக்க வருகிறவர்களே சொல்லிவிடுவார்கள்.